பழைய விசித்திர கேசட்டை எப்படிப் பார்ப்பது: டெக்கா, இணையமா, தொகுப்பா, அரங்கமா?

"அட்டைப்பெட்டி நிறைய பழைய வீடியோ கேசட் கிடைத்திருக்கிறது. லேபிளைப் படித்தாலே சிரிப்பு வருகிறது. ஆனால் கேசட்டை ஓட்டிப் பார்க்கும் டெக் இல்லை. தேடிப் பிடித்து ஒரு டெக் வாங்குவதா, டிஜிட்டலாக மாற்றக் கொடுப்பதா? இல்லை, இந்த மாதிரிச் சமாச்சாரம் இணையத்திலேயே கொட்டிக் கிடக்கிறதே, அதைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?"

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள், பெட்டி மட்டும் ஒன்றேதான் போலிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சினிமா கேசட்டைப் பற்றியது இல்லை. சினிமா எங்கும் கிடைக்கும். இங்கே பேச்சு, யாருக்கும் நினைவில்லாத மற்ற ரகங்களைப் பற்றி: அலுவலகப் பயிற்சிப் படம், உடற்பயிற்சி, 'வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளுங்கள்' வகையறா, வீட்டுப் பூனை பார்த்து ரசிக்கட்டும் என்று பறவைகளைப் படம்பிடித்து விற்ற கேசட். ஜேவிசி நிறுவனம் வீ.எச்.எஸ். என்ற வீடியோ கேசட் முறையை 1976-ல் ஜப்பானில் கொண்டுவந்தது. 1982-ல் நடிகை ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி கேசட் விற்றுத் தீர்ந்ததைப் பார்த்ததும், எதையாவது சொல்லித்தரத் தெரிந்த எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு கேமரா, ஓர் அறை, கூச்சமில்லாத ஓர் ஆள் இருந்தால் கேசட் தயார். வேண்டாம் என்று தடுக்க யாருமில்லை. அந்தப் புண்ணியத்தில்தான் இன்று நாம் சிரிக்கிறோம்.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது?

என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. கனமான பொருளை எப்படித் தூக்குவது என்று தொழிலாளர்களுக்குச் சொல்லித்தரும் 38 நிமிடப் பயிற்சிப் படம். மீசைக்காரர் ஒருவர், கழுத்தில் டை இறுக, ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்குகிறார். முட்டியை மடக்க வேண்டும், முதுகை வளைக்கக் கூடாது. தூக்கியதும் கேமராவைப் பார்த்து ஒரு புன்னகை. கீழே வைக்கிறார். மறுபடி தூக்குகிறார். அதே புன்னகை, அதே 'உஃப்'. இப்படி ஒன்பது தடவை. ஐந்தாவது தடவை முடிந்து பெட்டியைத் தரையில் வைத்திருக்கும்போது, கேமராவின் பார்வைக்கு வெளியே எங்கோ சுழலும் மின்விசிறி இந்தப் பக்கம் திரும்புகிறது. பெட்டி தானாக இரண்டு அங்குலம் நகர்கிறது.

பெட்டி காலி.

அவர் அதைக் கவனிக்கவில்லை. படம் எடுத்தவர்களும் கவனிக்கவில்லை. ஆறாவது தடவை முன்னைவிடக் கஷ்டப்பட்டுத் தூக்குகிறார்.

இதை யாராவது நகைச்சுவைக் காட்சியாக எழுதியிருந்தால் சிரிப்பு வந்திருக்காது. அவர் முழு மனதோடு, சம்பளத்துக்கு மேலேயே உழைக்கிறார். ஐந்து தடவை பொறுமையாகப் பார்த்த பிறகுதான் பெட்டி நகர்கிறது. அதோடு, இதை யாரும் நமக்காக எடுக்கவில்லை. ஏதோ ஓர் அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தூங்கி வழிந்தவர்களுக்காக எடுத்தது.

ஆகவே என் அளவுகோல்கள் இவை. அந்த முழு மனதும் காத்திருப்பும் சேதமில்லாமல் நம்மிடம் வந்து சேர்கின்றனவா? அதற்கு எவ்வளவு சலிப்பைத் தாங்க வேண்டும்? (எல்லாக் கேசட்டிலும் பெட்டி நகராது. பெரும்பாலானவை சும்மா அறுவை.) கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? யாரோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்? கடைசியாக, திரையில் இருக்கும் மனிதர் இதை அறிந்தால் என்ன நினைப்பார்?

## டெக்கில் போட்டு முழுசாகப் பார்ப்பது

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் நிபந்தனைகளோடு.

டெக்கில் ஓடும் கேசட்டுக்கு அடியில் நீளக் கோடு கிடையாது. இன்னும் எவ்வளவு பாக்கி என்று திரை சொல்லாது. சிரிப்பு எந்த நிமிடத்தில் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் சின்னப் படமும் கிடையாது. மீசைக்காரர் நாலாவது தடவை குனியும்போது, இவர் இன்னும் நாற்பது தடவை தூக்குவாரோ என்ற பயம் உண்மையாகவே வருகிறது. அந்தப் பயம் இருந்தால்தான் பெட்டி நகரும்போது சிரிப்பு பீறிடும்.

இதே கேசட்டை முதலில் தனியாகப் பார்த்தேன். லேசாகப் புன்னகை வந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அப்புறம் நாலு பேரைக் கூட்டிவைத்துப் போட்டேன். மூன்றாவது தடவையிலிருந்து ஒருவர் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். பெட்டி நகர்ந்ததும் யாரும் சிரிக்கவில்லை. "இப்ப என்ன நடந்துச்சு?" என்று ஒரு குரல். ரீவைண்ட் அழுத்தினேன். டெக் விர்ரென்று ஓடுகிறது, ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்கிறோம். இரண்டாம் முறை நகர்ந்தபோது ஒருவர் நாற்காலியிலிருந்தே இறங்கிவிட்டார். பாதிச் சிரிப்பு அந்த ரீவைண்ட் இடைவெளியில் சேர்ந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இன்னொரு லாபம், லேபிளில் எழுதாதது. படம் முடிந்த பிறகும் கேசட்டை ஓடவிடுங்கள். பழைய பதிவின் மிச்சம், பாதியில் அறுந்த செய்தி, விளம்பரம் என்று ஏதாவது வரும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 2012-ல் இறக்கும்வரை 30 ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சியை இரவு பகலாகப் பதிவு செய்து, சுமார் 70,000 கேசட் சேர்த்துவிட்டுப் போனார். அவர் வேலை செய்தி ஆவணம், சிரிப்புக்கானது அல்ல. ஆனால் மற்றவர்கள் அழித்துவிட்டதற்கெல்லாம் பின்னாளில் எவ்வளவு மதிப்பு வரும் என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, மறைந்திருக்கும் செலவு. உலகில் கடைசியாக வீ.எச்.எஸ். டெக் தயாரித்துக்கொண்டிருந்தது ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம். அதுவும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் எந்த டெக்கும் கிழவர்தான். ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், உருளை வழுக்கும், இருக்கிற ஒரே கேசட்டை மென்று துப்பிவிடும். வாங்கியதும் முதலில், போனால் போகட்டும் என்று ஒரு சினிமா கேசட்டைப் போட்டுச் சோதியுங்கள்.

கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியே சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போடவே கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். தொலைக்காட்சிப் பட முறை நாட்டுக்கு நாடு வேறு என்பதும் ஒரு தலைவலி: பால் (PAL) என்ற முறையில் விநாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), என்.டி.எஸ்.சி. முறையில் ஏறக்குறைய 30. ஒரு முறை மட்டுமே தெரிந்த டெக்கில் மற்றதைப் போட்டால் படம் உருளும், அல்லது நிறம் போய்விடும்.

அப்புறம், படத்தை அப்படியே நிறுத்தி வைக்கும் இந்தப் பாஸ் (pause) பொத்தான். வீடியோ ஹெட் பொருத்திய உருளை பால் டெக்கில் நிமிடத்துக்கு 1,500 சுற்றும், என்.டி.எஸ்.சி. டெக்கில் 1,800 சுற்றும் சுழல்கிறது. பாஸ் போட்டால் நாடா நின்றுவிடும், உருளை நிற்காது. ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அதாவது நாம் எங்கே அதிகம் சிரித்தோமோ அந்த இடம்தான் முதலில் அழியும். கேசட்டின் கொடுமையான விதி இது.

## டிஜிட்டலாக மாற்றிக்கொள்வது

இது பொழுதுபோக்கு இல்லை, காப்பீடு. இரண்டு மணி நேரக் கேசட்டை மாற்ற இரண்டு மணி நேரம்தான், குறுக்குவழி கிடையாது. நீங்களே செய்வதானால் அதற்கும் ஒரு நல்ல டெக் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மலிவான யூ.எஸ்.பி. கருவிகள் ஆட்டம் காணும் பழைய சிக்னலைப் பிடிக்க முடியாமல் சட்டகங்களைத் தவறவிடும். அரைமணி நேரம் கழித்து உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். (அதுவும் சிரிப்புதான், ஆனால் அது அவர்களுடையது இல்லை, உங்களுடையது.) டி.வி. (DV) என்ற டிஜிட்டல் வீடியோ வடிவில் சேமித்தால் மணிக்குச் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும்.

வெளியே கொடுத்தால் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்: எதையும் வெட்டாதீர்கள், நீலத்திரை வந்த பிறகும் கடைசிவரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல எண்ணத்தோடு அந்த வால் பகுதியைச் சுத்தம் செய்து தந்துவிடுவார்கள்.

இதில் யாரும் சொல்லாத செலவு, மாற்றிய பிறகு யாரும் பார்ப்பதில்லை என்பதுதான். கேசட்டாக இருந்தபோது அலமாரியில் நின்று நம்மை முறைத்தது. கோப்பாக மாறியதும் 'கேசட்_07' என்ற பெயரில் ஒரு வன்தட்டில் போய்ப் படுத்துவிடுகிறது.

## இணையத்தில் கிடப்பதைப் பார்ப்பது

பைசா செலவில்லை, கடல் போலக் கிடக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் வீ.எச்.எஸ். கேசட்டுகளுக்கென்றே தனித் தொகுப்பு உண்டு. யூடியூபைச் சொல்லவே வேண்டாம். ஹாலிவுட் நடிகர்கள் ஜெனிஃபர் அனிஸ்டனும் மேத்யூ பெரியும் விண்டோஸ் 95-ஐப் பார்த்து வியந்து வியந்து கற்றுக்கொள்ளும் 1995-ஆம் ஆண்டு வழிகாட்டிப் படத்தை இப்படித்தான் நானும் பார்த்தேன். 'ஸ்டார்ட்' பொத்தானுக்கு ஒருவர் இவ்வளவு பரவசப்பட முடியுமா என்று தோன்றியது.

குறை என்னவென்றால், காத்திருப்பு என்பதே இங்கே செத்துவிடுகிறது. விரல் தானாகவே முன்னால் ஓட்டுகிறது. போதாததற்கு, எந்த நிமிடத்தில் சிரிக்க வேண்டும் என்று கீழே ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருப்பார். பதிப்புரிமைக் காரணத்தால் இன்று இருப்பது நாளை காணாமலும் போகும். இந்த வகைச் சிரிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. அதோடு சரி.

## வெட்டி ஒட்டிய தொகுப்பு

ஒரு மணி நேரக் கேசட்டை இரண்டு நிமிடமாகச் சுருக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெயர் பெற்றது 2007-ல் தொடங்கிய 'எவ்ரிதிங் இஸ் டெரிபிள்' குழு. ஒரே ஒரு ஹாலிவுட் படத்தின், 'ஜெர்ரி மக்வயர்', கேசட்டுகளை மட்டும் ஆயிரக்கணக்கில் சேர்த்து, 2017-ல் லாஸ் ஏஞ்சலஸில் அந்த ஒரே படம் மட்டும் அடுக்கிய போலி வீடியோ கடை ஒன்றைத் திறந்த ஆட்கள். அவர்கள் வெட்டும் வேகமே ஒரு நகைச்சுவை. பத்துக் கேசட்டிலிருந்து பத்துப் பேர் ஒரே வாக்கியத்தைச் சொல்வதை அடுத்தடுத்துக் கோத்தால், அது எந்தத் தனிக் கேசட்டிலும் இல்லாத புதுச் சரக்கு.

நானும் முயன்றேன். மீசைக்காரரின் பெட்டி நகரும் இடத்தை மட்டும் 50 விநாடியாக வெட்டி நண்பர்களுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. "இது யாரு, உங்க மாமாவா?" என்று ஒரு பதில். பெட்டி அதே பெட்டிதான். முந்தைய ஐந்து தடவைகள் இல்லை, அவ்வளவுதான்.

தொகுப்பின் மறைமுகச் செலவு இரண்டு. இருபது நிமிடத்தில் நாக்கு மரத்துப்போகும். எல்லாமே பைத்தியக்காரத்தனம் என்றால் எதுவுமே பைத்தியக்காரத்தனம் இல்லை. மற்றது கொஞ்சம் கனமானது: வெட்டும்போது மனிதர் போய் முகம் மட்டும் மிஞ்சுகிறது.

ஜாக் ரெப்னி கதை தெரிந்திருக்கலாம். 1988-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கொளுத்தும் வெயிலில், வின்னபேகோ என்ற நடமாடும் வீட்டு வண்டிக்கான விற்பனைப் படம் ஒன்றில் பேச வந்தவர். வசனம் மறந்தது, ஈ மொய்த்தது, மனுஷன் கெட்ட வார்த்தையில் வெடித்தார். வீணான காட்சிகளைப் படக்குழு தனியே கோத்தது. அந்தக் கேசட் கைக்குக் கை நகலெடுக்கப்பட்டு, பின்னால் இணையத்துக்கும் வந்து, உலகமே சிரித்தது. ஓர் ஆவணப்பட இயக்குநர் அவரைத் தேடிப் போனபோது, அவர் மலைப்பகுதியில் ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தார். தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பது அவருக்குப் பெருமையாக இல்லை. 2009-ல் வெளிவந்த அந்தப் படத்தின் இறுதியில் ஓர் அரங்கில் ரசிகர்களைச் சந்திக்கிறார். அவர்கள் சிரிப்பில் இருந்தது இளக்காரம் இல்லை, பிரியம் என்று அங்கே தெரிகிறது. வெயிலில் நின்று வேலை பார்த்து வெறுத்துப்போன எல்லாருக்கும் அவர் பேசியது போல இருந்திருக்கிறது. எல்லாருக்கும் இப்படி ஒரு அரங்கம் வாய்க்காது.

## அரங்க நிகழ்ச்சி

அந்த அரங்கத்தை நடத்தியவர்கள் 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ் ஃபெஸ்டிவல்' என்ற பெயரில் 2004-லிருந்து இதையே தொழிலாகச் செய்துவரும் நிக் ப்ரூஹரும் ஜோ பிக்கெட்டும். பால்ய நண்பர்கள். 1991-ல் ப்ரூஹர் வேலை பார்த்த மெக்டொனால்ட்ஸ் கடையின் ஓய்வறையில், துப்புரவுப் பணிக்கான பயிற்சிக் கேசட் ஒன்று கிடைத்ததுதான் ஆரம்பம். கேசட்டை மேடையில் ஓட்டி, நடுவே இவர்கள் பேசுவார்கள். சில சமயம் கேசட்டில் இருந்த ஆளையே தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வார்கள்.

நூறு பேர் சிரிக்கும் இடத்தில் சுமாரான கேசட்டும் தேறிவிடும். சலிப்பான பகுதியை அவர்களே உங்களுக்காக அனுபவித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் எங்கே சிரிப்பது என்பதை இன்னொருவர் முடிவு செய்கிறார், கண்டுபிடித்த சுகம் உங்களுக்கு இல்லை. இத்தகைய நிகழ்ச்சி கைக்கெட்டும் தூரத்தில் நடக்கவும் வேண்டும்.

| | சிரிப்பு முழுசாக வருமா | சலிப்பு | மறைமுகச் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| டெக் | வரும் | நிறைய | பழைய இயந்திரம், நாடா தேய்மானம் | பொறுமையுள்ள நாலைந்து பேர் |
| டிஜிட்டல் மாற்றம் | நீங்கள் பார்த்தால் | நிறைய | நேரம், இடம், மறதி | ஒரே பிரதி வைத்திருப்பவர் |
| இணையம் | பாதி | நீங்களே ஓட்டிவிடுவீர்கள் | சேதி முன்பே தெரிந்துவிடும் | புதிதாக எட்டிப் பார்ப்பவர் |
| தொகுப்பு | வேறு வகைச் சிரிப்பு | இல்லை | மரத்துப்போகும், மனிதர் மறைவார் | பத்து நிமிடம் மட்டுமே உள்ளவர் |
| அரங்கம் | வரும், கூட்டத்தால் | குறைவு | தேர்வு அவர்களுடையது | தனியாகச் சிரிக்க வராதவர் |

## உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது?

இதைப் பொறுத்தும் முடிவு மாறும். பயிற்சிப் படம் என்றால் யோசிக்கவே வேண்டாம், டெக், முழுசாக. உடற்பயிற்சிக் கேசட்டை உட்கார்ந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். எழுந்து நின்று கூடவே செய்தால் அரைமணி நேரம் தாங்கும். தனிமையில் இருப்பவருக்கு நண்பனாக நடிக்கும் கேசட்கூட 1980-களில் வந்திருக்கிறது. 'ரென்ட்-எ-ஃபிரெண்ட்' என்று பெயர். திரையில் இருப்பவர் உங்கள் பெயரைக் கேட்டுவிட்டு, நீங்கள் சொல்வதற்காகக் காத்திருப்பார். அதைத் தனியாகப் பார்த்தால் நடுராத்திரி பயம். கூட்டமாக இருந்து ஆளுக்கொரு பதில் சொன்னால் வயிறு வலிக்கும். தொலைக்காட்சியிலிருந்து பதிந்தது என்றால் நிகழ்ச்சியை ஓட்டிவிட்டு விளம்பரத்தில் நிறுத்துங்கள்.

வீட்டு விசேஷம், பிறந்தநாள் என்று யாரோ முன்பின் தெரியாத குடும்பத்தின் கேசட் கிடைத்தால், என் கருத்து, அதை இணையத்தில் ஏற்றாதீர்கள். பயிற்சிப் படத்தில் நின்றவர் பலர் பார்ப்பார்கள் என்று தெரிந்தே நின்றார். கேக் வெட்டிய குழந்தை அப்படி நிற்கவில்லை.

ஆகவே, டெக் வாங்க ஓடுவதற்கு முன் லேபிளில் உள்ள தலைப்புகளை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே இருந்தால் கவலையில்லை, உங்கள் பிரதி தேய்ந்தாலும் பரவாயில்லை, கூட்டம் சேர்த்துப் போடுங்கள். எங்கும் இல்லை என்றால், உலகில் மிஞ்சிய ஒன்றிரண்டு பிரதிகளில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். முதலில் டிஜிட்டலாக மாற்றுங்கள், ரீவைண்ட் விளையாட்டை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். டெக்கை முடிந்தால் இரவல் வாங்குங்கள். இரண்டு மாலைக்கு மேல் அது உங்களுக்குத் தேவைப்படுமா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

இன்னொன்று. கேசட்டின் முதுகுப் பக்கம் ஓர் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அது இருந்தால் டெக் அதன்மேல் பதிவு செய்யும், இல்லாவிட்டால் செய்யாது. எதையும் போடுவதற்கு முன் அதை உடைத்துவிடுங்கள். என் கேசட்டில் எனக்கு முன்னால் யாரோ அதை உடைக்க மறந்திருக்கிறார்கள். 31-வது நிமிடத்தில் மீசைக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேமராவை நோக்கி நடந்து வருகிறார், திடீரென்று கால்பந்துப் போட்டி. நாலு நிமிடம் பந்து ஓடுகிறது. மறுபடி அவர் வரும்போது கையில் பெட்டி இல்லை, தலைமுடி நனைந்திருக்கிறது, அதே புன்னகை.